தற்காப்புக்கு முன்னால் நிற்கிறவன்

என் தினேசுத் தம்பிக்கு,

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. அம்மா இப்போதெல்லாம் இரண்டு வேளையாவது ஒழுங்காகச் சாப்பிடுகிறார். நான் பழையபடி ஈப்போ டவுனுக்குள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். இதையெல்லாம் சொல்ல உட்காரவில்லை. உன் அணி என்ன ஆனது என்று நீ கேட்பாய் அல்லவா? அதைச் சொல்லத்தான்.

உன் பதினாறாம் நாள் முடிந்த மறுவாரம் நசீர் வீட்டுக்கு வந்தான். நீயும் அவனும் சிவாவும் ஞாயிறு மத்தியானங்களில் அவன் அப்பாவின் சாப்பாட்டுக் கடை மாடியில், ஆளுக்கொரு லேப்டாப்போடு, அந்தக் கால்பந்து மேனேஜர் விளையாட்டில் ஒரே லீக்கை மூன்று வருடமாக ஓட்டினீர்களே, அதைப் பற்றிப் பேசத்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. தினேசு டீமைக் கம்ப்யூட்டர்கிட்ட விட்டுடலாமா? ஆள் இல்லாம லீக் நகராது லா."

"ஏன் விடணும்? நான் பாத்துக்கிறேன்."

"அலமாக்!" என்று தலையில் கைவைத்தான். "அக்கா, உங்களுக்குக் கோல் போடுறவனை மட்டுந்தானே தெரியும்?"

அவன் சொன்னது சரிதான். ஆனால் நான் விடுவதாக இல்லை. காரணம் அவனுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். டிங்கிக் காய்ச்சலில் வார்டில் படுத்துக்கொண்டு நீ கேட்டாய்: "அக்கா, லேப்டாப் கொண்டாந்தியா?" அது என் பைக்குள்தான் இருந்தது. "மொதல்ல காய்ச்சல் எறங்கட்டும், வீட்டுக்கு வந்து வெளையாடலாம்" என்றேன். நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். இரண்டே நாளில் போய்விட்டாய். கொடுத்திருந்தால் என்னடா கெட்டுப்போயிருக்கும்?

அதனால் அந்த ஞாயிறே மாடியேறி உன் நாற்காலியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் ஒரு முட்டாள்தனம் செய்தேன். உன் அணியின் நடுத்திடல் ஆட்டக்காரன் கார்லோஸை வெளியே உட்கார வைத்தேன். முப்பத்து மூன்று வயது, ஓட்டம் கிடையாது, பந்தை வாங்கிப் பக்கத்தில் இருப்பவனிடம் தள்ளிவிடுகிறான், கோலும் இல்லை. இப்படி ஒருவன் எதற்கு என்று அவன் இடத்தில் இன்னொரு தாக்குதல் ஆட்டக்காரனைப் போட்டேன். ஐந்து ஆட்டம், ஐந்திலும் தோல்வி. சிவா என் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டான்.

ஆறாவது வாரம் கோல்களை மட்டும் பார்க்காமல், தோற்ற ஆட்டம் ஒன்றை முதலிலிருந்து கடைசிவரை ஓடவிட்டுப் பார்த்தேன். அப்போதுதான் புரிந்தது. நம் நான்கு தற்காப்பு ஆட்டக்காரர்களுக்கும் நடுத்திடலுக்கும் இடையில் ஒரு வேன் திருப்பும் அளவுக்கு இடம் காலியாகக் கிடந்தது. எதிரணிக்காரன் அங்கே வந்து பந்தை வாங்கி, நிதானமாகத் திரும்பி, யோசித்து அடிக்கிறான். அந்த இடம் கார்லோஸின் இடம். அவன் நிற்பதாலேயே நடக்காமல் போகிற காரியங்களை நான் எப்படிப் பார்த்திருக்க முடியும்?

அவனைத் திரும்பக் கூப்பிட்டேன். அப்போதும் திருந்தவில்லை. ஓடிப்போய்ப் பந்தைப் பறிக்கிற வேலையைக் கொடுத்தேன். சும்மா நிற்கிறவனைவிடச் சண்டை போடுகிறவன் மேல் என்று நினைப்பு. பாவம், அந்த வயதில் மூலைக்கு மூலை ஓடினான். மஞ்சள் அட்டை வாங்கினான். அவன் ஓடியதும் பின்னால் அதே பள்ளம். மறுவாரம் வேலையை மாற்றி, நங்கூரம் போட்ட மாதிரி அங்கேயே நில் என்றேன். கோல் விழுவது நின்றது. ஆனால் நாமும் போடவில்லை. மூன்று ஆட்டம் பூஜ்யத்துக்குப் பூஜ்யம்.

நாலாவது ஆட்டத்தில் இரண்டு ஓரத் தற்காப்பு ஆட்டக்காரர்களையும் முன்னே ஏறச் சொல்லிவிட்டு, நம்மிடம் பந்து இருக்கும்போது கார்லோஸை நடுத்தற்காப்பு இருவருக்கும் இடையில் இறங்கி நிற்க வைத்தேன். பின்னால் மூன்று பேர் ஆனார்கள். ஓரத்தில் போனவர்கள் பயமில்லாமல் போனார்கள். இரண்டு கோல். நசீர் எழுந்தே நின்றுவிட்டான். "யாருக்கா சொல்லிக் கொடுத்தது?" "யாருமில்ல, தோத்துத் தோத்துத்தான்."

கடைசி ஆட்டம் நசீர் அணியோடு. ஜெயித்தால் முதல் டிவிஷனில் இருப்போம், இல்லாவிட்டால் கீழே. முதல் பாதியில் ஒரு கோல் போட்டோம். அதற்கப்புறம் அவன் நாலு பேரை முன்னால் அனுப்பினான். பழைய வாணியாக இருந்தால் நானும் பதிலுக்கு ஏறியிருப்பேன். இந்த முறை கார்லோஸுக்குப் பக்கத்தில் ஓடக்கூடிய ஒரு இளம் ஆளை இறக்கினேன். இரண்டு பேரும் நின்றால் பந்தை யாரும் எடுக்க மாட்டார்கள், இரண்டு பேரும் ஓடினால் இடம் காலி. அதனால் ஒருவன் நிற்க, ஒருவன் துரத்த. எண்பத்தெட்டு நிமிடம்வரை நசீருக்கு நடுவில் ஒரு வழியும் கிடைக்கவில்லை.

பிறகு ஒரு கார்னர். கூட்டத்துக்குள் யார் தலையிலோ பட்டு உள்ளே போய்விட்டது. ஒன்றுக்கு ஒன்று. கீழே இறங்கிவிட்டோம், தம்பி.

நசீர் கைதட்டவில்லை. "சாரிக்கா" என்றான். கண் கலங்கியிருந்தது.

"எதுக்கு சாரி? நீ விட்டுக் கொடுத்திருந்தா நான் எந்திரிச்சுப் போயிருப்பேன்."

"அப்ப அடுத்த சீசன்?"

"வாரேன். கீழேருந்து ஏறி வாரேன். நீ அங்கேயே இரு லா."

படியிறங்கி வேனுக்குள் உட்கார்ந்த பிறகுதான் அழுதேன். நீ போனதிலிருந்து அன்றைக்குத்தான் அப்படி வாய்விட்டு அழுதேன். தோற்றதற்காக மட்டுமா? எனக்கே சொல்லத் தெரியவில்லை. அழுது முடித்ததும் பசித்தது. திரும்ப மேலே போய் அவர்களோடு ரொட்டி சாப்பிட்டேன்.

கார்லோஸ் இந்த வருடத்தோடு ஓய்வு பெறுகிறான். அந்த இடத்துக்கு மூன்று பேரைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒருவன் நிற்கத் தெரிந்தவன், ஆனால் பாஸ் சுமார். அவனைத்தான் எடுக்கலாம் என்றிருக்கிறேன். நீயாக இருந்தால் யாரை எடுப்பாய்?

வருகிற ஞாயிறு புது சீசன். ஒரு வருடமோ மூன்று வருடமோ, உன் அணியை முதல் டிவிஷனுக்கு ஏற்றாமல் அந்த மாடியை விட்டு இறங்க மாட்டேன். ஏறிய அன்றைக்கு முதலில் உனக்குத்தான் எழுதுவேன்.

உனக்கு முன்னால் பிறந்த, இன்னும் உனக்காக விளையாடுகிற
உன் வாணி அக்கா