கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு ரிலாக்ஸ்

என் அருமை அக்காவுக்கு, ஊசியும் கையுமாகத் திரிந்தவளுக்கு,

இதனால் சகலருக்கும், முக்கியமாக உனக்கு, பெருமகிழ்ச்சியுடன் அறிவிப்பது என்னவென்றால்: உன் தம்பிக்கு மீசை முளைத்துவிட்டது. வெயிலில் ஒரு பக்கமாகத் திரும்பி நின்றால் தெரியும். அம்மா அதைக் கரி என்று நினைத்து, முந்தானையை எச்சில் தொட்டுத் துடைத்துப் பார்த்தாள். போகாததால் நம்பிவிட்டாள். அப்பா இன்னும் கருத்துச் சொல்லவில்லை. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, நாற்றுப் பறிக்கிறார்கள். என் மீசையைப் பார்க்க அவருக்கு ஏது நேரம்?

அடுத்த செய்தி. உன் நர்சிங் தோழிகள் பஸ் நிறுத்தத்தில் கட்டிய பேனர் இன்னும் இருக்கிறது. படத்தில் உன் சிவப்புச் சுடிதார் வெளுத்து ரோஸ் ஆகிவிட்டது. அடியில் கொட்டை எழுத்தில் ‘ரெஸ்ட் இன் பீஸ்’. ரெஸ்ட்டா? நீயா? நீ உட்கார்ந்து சாப்பிட்டுக்கூட நான் பார்த்ததில்லையே! அதுவும் நம் ஊரில் பீஸ் என்றால் ஒன்று பிரியாணியில் வரும், இல்லையென்றால் கரண்டுக் கம்பத்தில் போகும்.

இந்த அமைதி வார்த்தைகளுக்கெல்லாம் நம் வீட்டில் நீதானே ஏஜெண்ட். தஞ்சாவூர் ஹாஸ்டலிலிருந்து சனிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் வந்து இறங்குவாய். பையை வைப்பதற்குள் என்னை நோயாளியாக்கிப் படுக்கப் போட்டுவிடுவாய்.

“டேய் குரங்கு, கேட்டுக்க. ‘கூல்’ங்கிறது கூட்டாளிங்களுக்குள்ள சொல்லிக்கிறது. ‘சில்’லுன்னு சொல்றவன் வேலவெட்டி இல்லாதவன். ‘காம் டவுன்’னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிராத, அதுவரைக்கும் சும்மா இருந்தவனும் அடிக்க வந்துருவான். பேஷண்ட்டுக்கு ‘ரிலாக்ஸ்’. அதையும் மெதுவா சொல்லணும்.”

“தமிழ்ல என்ன சொல்றது?”

“நம்ம வீட்டுத் தமிழ்லயா? ‘சும்மா கெடடா.’ அதத் தவிர என்ன சொல்லிருக்காங்க?”

“சரி, நீ ரிலாக்ஸ்னு சொன்னா அவங்களுக்குப் பயம் போயிருமா?”

“அவங்களுக்குப் போகுமான்னு தெரியலடா. ஊசி போடறப்ப எனக்குத்தான் கை நடுங்குது. அதச் சொன்னா நடுக்கம் நிக்குது.”

உன்னைக் கொண்டுபோன அந்தக் காய்ச்சலில் நீ ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, உன் வயசு நர்ஸ் ஒருத்தி குனிந்து உன்னிடமே “ரிலாக்ஸ்மா, ரிலாக்ஸ்” என்றாள். நீ என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, “என் டயலாக்க எனக்கே விடறாடா” என்றாய். நான் சிரித்துவிட்டேன். நீ என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அது என்று யாருக்குத் தெரியும்? சிரித்திருக்கக் கூடாதோ அக்கா?

இப்போதும் சனிக்கிழமை அந்த பஸ் மதகு வளைவில் ஹாரன் அடிக்கிறது. அம்மாவின் கை தானாக நாலாவது டம்ளரில் டீயை ஊற்றிவிடும். ஊற்றிய பிறகுதான் நினைவு வரும். உடனே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். மன்னார்குடி டாக்டர் இதயத்தில் கோளாறே இல்லை என்கிறார். இருந்தாலாவது மாத்திரை கொடுத்திருப்பார்.

என் மிமிக்ரிதான் உனக்குத் தெரியுமே. ஹெட்மாஸ்டர், டிராக்டர், பஸ் ஹாரன் எல்லாம் செய்வேன். சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று உன் குரலில் பேசி, அம்மாவை அப்பளம் பொரிக்க வைத்தவன் நான். அதை மனதில் வைத்துத்தான் ஒரு சனிக்கிழமை அம்மா கேட்டாள்.

“தம்பி, அவ மாதிரி ஒரு தடவ சொல்லுடா.”

“போன்ல அக்கா பேசி அனுப்பினதெல்லாம் இருக்கும்மா. போடவா?”

“அது சொன்னதையே சொல்லும்டா. நான் கேட்டா பதில் பேசாது.”

கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். “ரிலாக்ஸ்மா. மூச்ச நல்லா இழுத்து வுடு.” பலகைக்கு அந்தப் பக்கம் அம்மாவின் மூச்சு மெல்ல மெல்ல நிதானமானது.

“சாப்ட்டியாடி?”

“ஆச்சும்மா. ஹாஸ்டல் சாம்பார்ல பருப்பத் தேடித் தேடிச் சாப்ட்டேன்.”

அம்மா சிரித்தாள். எத்தனை மாதம் கழித்து!

அதிலிருந்து எல்லாச் சனிக்கிழமையும் நீ வந்தாய். ஒரு நாள் அம்மா, “நின்னுக்கிட்டே வேல பாப்பியே, காலு வலிக்குதாடி?” என்றாள். நான் யோசிப்பதற்குள் என் வாயிலிருந்து பதில் வந்துவிட்டது: “இப்ப வலிக்கலம்மா.”

அதை நான் தயார் செய்யவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நான் மட்டும்தான் நின்றேன். சொன்னது யார் அக்கா?

அன்றைக்கு அப்பா கொல்லைப் பக்கம் சேற்றுக் காலோடு நின்று கேட்டிருக்கிறார். உள்ளே வரவில்லை. இருட்டும்வரை பம்ப்செட்டில் உட்கார்ந்திருந்தார். மறுநாள் வரப்பில் என்னைப் பார்க்காமலே கேட்டார்: “அடுத்த வாரமும் பேசுவாளா?” பேசுவியா என்று கேட்கவில்லை.

ஆகவே நீ கவலைப்படாதே. உன் குரல் என் தொண்டையில் பத்திரமாக இருக்கிறது. இந்த வீட்டின் அமைதி இலாகா முழுவதும் என் பொறுப்பில்தான் நடக்கிறது.

இப்படி முடித்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் உன்னிடம் புளுகி நான் எப்போது தப்பித்தேன்? மீசை மட்டும் வரவில்லை அக்கா, குரலும் உடைந்துவிட்டது. போன சனிக்கிழமை ஹாரன் அடித்தது. அம்மாவும், பக்கத்தில் அப்பாவும் காத்திருந்தார்கள். நான் வாயைத் திறந்தேன். ‘ரிலா’ வரைக்கும் நீ. மிச்சம் அப்பா குரல். மறுபடி முயன்றேன், மழைத் தவளை. அடுத்த முறை வந்தது அழுகைதான். உன்னை அங்கேயே தொலைத்துவிட்டேன் என்று தோன்றியது. முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

கதவைத் தள்ளிக்கொண்டு அம்மா வந்தாள். கையில் உன் டம்ளர்.

“ரிலாக்ஸ்டா தம்பி. மூச்ச இழுத்து வுடு.”

அவள் கை நடுங்கிய நடுக்கத்தில் டீ என் காலில் சிந்தியது. மீதியைக் குடித்தேன். உன் அளவுக்குச் சர்க்கரை.

இந்த வாரம் கதவுக்கு முன்னால் உட்காருவேன். இந்தத் தவளைக் குரலிலேயே அம்மாவிடம் பேசுவேன், அவள் கேட்டால் பதிலும் சொல்வேன். அப்போது கதவுக்குப் பின்னால் யாராவது “இப்ப வலிக்கலம்மா” என்றால் எட்டிப் பார்க்க மாட்டேன். சத்தியம். உன்மேல் மரியாதையால் என்று நினைத்துக்கொள்ளாதே. பயம்தான்.

உன் கூடப்பிறந்த ஒரே குரங்கு,
தம்பி