அக்காவின் கையும் மூன்று அங்குலப் பந்தும்

மார்ச் 4, செவ்வாய்

காப்பி சுமார். அக்காவின் மாவுக்கட்டை நேற்றுப் பிரித்துவிட்டார்கள். உள்ளேயிருந்து வந்தது கை மாதிரி இல்லை, மடித்து வைத்த குடை மாதிரி இருக்கிறது. மணிக்கட்டு முன்னும் பின்னும் ஏதோ கொஞ்சம் போகிறது. பக்கவாட்டில் மட்டும் அசையவே மாட்டேன் என்கிறது.

கைப்பயிற்சி டாக்டரம்மா ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, மேசைமேல் வைத்து உள்ளங்கையால் உருட்டிக்கொண்டே இருக்கச் சொல்லியிருக்கிறார். அக்கா கொஞ்ச நேரம் உருட்டினாள். பிறகு சோபாவுக்கு அடியில் உருட்டி விட்டாள். "பந்து விளையாடுற வயசா எனக்கு?" என்று கேட்டுவிட்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

சிரிக்கிற விஷயம் இல்லை. அக்கா தையற்கூடத்தில் துணி வெட்டுகிறவள். அவள் வெட்டினால்தான் மற்றவர்கள் தைக்க முடியும். முதலாளியம்மா அவள் மேசையை ஏப்ரல் தொடக்கம் வரை காலியாக வைத்திருப்பாராம். அதற்கு மேல் வேறு ஆள்.

மார்ச் 6, வியாழன்

ஹாலில் அக்கா மகள் வாங்கி வைத்த வீடியோ கேம் பெட்டி நிற்கிறது. கேம் ஹாலில் இருக்குமே, அந்த மாதிரி, ஆனால் வீட்டுக்குத் தகுந்த குட்டி அளவு. உயரம் என் நெஞ்சு வரை. உள்ளே ஒரு பூனை படுக்கலாம், இரண்டு பூனை என்றால் சண்டை வரும். அதில் ஒரு ஜாய்ஸ்டிக், ஆறு பட்டன். அக்காவால் அந்தக் குச்சியைப் பிடிக்க முடியவில்லை.

அக்கா மகள் சொன்னாள்: "இதுக்கு டிராக்பால்னு ஒண்ணு இருக்கு மாமா. பட்டன் இருக்கிற பலகையில பதிச்சிட்டா மேல பந்து மட்டும் தெரியும். எதையும் பிடிக்க வேண்டாம், உள்ளங்கையால உருட்டினா போதும். அம்மா விளையாட்டுன்னா செய்வாங்க, பயிற்சின்னா செய்ய மாட்டாங்க."

"வாங்கு. நான் பதிச்சுத் தரேன்" என்றேன். வெளியூரில் ஒரு கேம் ஹாலையே என் தோளில் தாங்கியவன் நான். (வாசலில் டிக்கெட் கிழித்ததாக அத்தான் சொல்வார். கிழிக்காமல் யாரும் உள்ளே போக முடியாது என்பதை அவர் யோசிப்பதில்லை.)

அத்தான் பேப்பரை இறக்காமலே சொன்னார்: "மச்சான், நீ பாத்ரூம் குழாயைச் சரிபண்ணின அன்னைக்குக் கீழ் வீட்டுக்காரங்க நீச்சல் கத்துக்கிட்டாங்க."

மன்னித்துவிட்டேன். பெரிய மனசு எனக்கு.

மார்ச் 8, சனி

பந்து வந்துவிட்டது. மூன்று அங்குலம், சிவப்பு. கடையில் சின்னதும் இருந்ததாம். குட்டிப் பெட்டிக்கு அதுதான் வசதி என்று அக்கா மகள் சொன்னாள். பெரியதைத்தான் வாங்க வைத்தேன். அக்காவின் உள்ளங்கை என்ன கோலிக்குண்டு உருட்டுகிற உள்ளங்கையா?

பந்துக்கு அடியில் ஒரு சதுரப் பெட்டி. அதற்குள் இரண்டு உருளைகள்: ஒன்று மேல்கீழ், ஒன்று இடம்வலம். சதுரப் பெட்டியின் தலையில் சுற்றிலும் மெல்லிய விளிம்பு. பலகையில் சதுரமாக ஓட்டை போட்டு மேலிருந்து இறக்கினால் அந்த விளிம்பு பலகையில் உட்கார்ந்துகொள்ளும். பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. (வழிகாட்டும் தாளில் படமும் இருந்தது.)

மார்ச் 9, ஞாயிறு

இன்று நடந்ததை எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

படித்தவர்கள் முதலில் அளவெடுப்பார்கள். நான் எட்டாவதோடு நிறுத்திக்கொண்டதால் எனக்கு அந்தத் தொல்லை இல்லை. நேராக ரம்பத்தை எடுத்தேன். அக்கா பதறிவிட்டாள்.

"டேய், நில்லுடா! மாதிரி வெட்டாம யாராவது நேரா கைவைப்பாங்களா? முதல்ல காகிதத்துல வெட்டு. நான் சொல்றேன், நீ வெட்டு."

சரியென்று சதுரப் பெட்டியைக் காகிதத்தில் வைத்து வரைந்தேன். அக்கா பார்த்தாள். "சுத்தி அரை அங்குலம் விடு."

"எதுக்குக்கா?"

"விடுன்னா விடு. முப்பது வருஷமா வெட்டறேன், எனக்குத் தெரியாதா?"

விட்டேன். காகிதத்தைப் பலகையில் ஒட்டி வெட்டினேன். எப்படி வெட்டினேன்! வெண்ணெயில் கத்தி மாதிரி. தெருவே திரண்டு வந்து பார்த்தது. சரி, எதிர்வீட்டுக்காரர் வந்தார், அவர் நாய் வந்தது. பந்தைத் தூக்கி ஓட்டையில் இறக்கினேன்.

தொப்.

விளிம்போடு, பெட்டியோடு, பந்தோடு, எல்லாம் உள்ளே போய்விட்டது. அடியில் மோதுகிற சத்தம். நாய் குரைத்தது.

அக்கா மகள் காகிதத்தை எடுத்துப் பார்த்தாள். "இது என்ன மாமா, சுத்தி இவ்வளவு அதிகம்?"

"உங்கம்மா விடச் சொன்னா."

"எதுக்கும்மா?"

அக்கா காகிதத்தின் ஓரத்தை விரலால் தடவினாள். "தையலுக்கு" என்றாள்.

"அம்மா, பலகையை யாராவது தைப்பாங்களா?"

பிறகு அக்கா சிரித்தாள். விழுந்து கையை முறித்துக்கொண்ட நாளிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அத்தான் பின்னாலேயே போனார். "கையும் போச்சு, புத்தியும் போச்சுங்க" என்று அவள் சொல்வது வெளியே கேட்டது.

எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. ஏன்டா, உனக்கு மூளை இல்லையா? அவ சொன்னா நீ வெட்டிடுவியா? ஒரே ஒரு வேலை, உன்கிட்ட ஒரே ஒரு வேலைதானே கொடுத்தாங்க —

மார்ச் 10, திங்கள்

புது நாள், புது மூளை. ஓட்டை பெரிதா? மூடி போட்டால் போகிறது. சமையலறையில் தேடினேன். அகலமான எவர்சில்வர் தட்டு ஒன்று கிடைத்தது. கவிழ்த்து வைத்தால் ஓட்டையை முழுசாக மறைக்கிறது. பட்டறைக்குக் கொண்டுபோய் நடுவில் சதுரம் வெட்டி வந்தேன். வெட்டியது பட்டறைக்காரர். பார்வையாலேயே வழிநடத்தியது நான்.

இந்த முறை விளிம்பு கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் பந்துப் பெட்டியின் வயர் வெளியே வருகிற இடம் திரையின் அடிச்சட்டத்தில் இடிக்கிறது. குட்டிப் பெட்டியில் ஆழம் ஏது? மொத்தத்தையும் கால்வட்டம் திருப்பினேன். நுழைந்தது! நாலு திருகாணி. முடிந்தது கதை.

ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்த அத்தான், "என் தட்டு எங்கே?" என்றார்.

மார்ச் 11, செவ்வாய்

கால்வட்டம் திருப்பினால் உருளைகளும் திரும்பிவிடுமாம். என்னிடம் யார் சொன்னார்கள்?

பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கிற ஆட்டத்தைப் போட்டோம். பந்தை முன்னால் தள்ளினால் திரையில் அது பாதையின் ஓரத்தில் இருக்கிற சாக்கடைப் பள்ளத்துக்குப் போகிறது. நேராகப் போக வேண்டுமென்றால் இடமிருந்து வலமாகத் தள்ள வேண்டும். அத்தான் முதல் ஆளாக வந்து ஐந்து முறை சாக்கடையில் விட்டார்.

"மச்சான், நீ பந்து வைக்கல. சூனியம் வச்சிருக்கே."

"வெளிநாட்டுல எல்லாம் இப்பிடித்தான் அத்தான். மூளைக்கும் சேர்த்துப் பயிற்சி."

அக்கா வந்தாள். உள்ளங்கையைப் பந்தின்மேல் வைத்தாள். இடமிருந்து வலமாக மெதுவாகத் தடவினாள். முகம் சுளித்தது. வலி. பந்து நேராகப் போய் இரண்டு கட்டைகளைச் சாய்த்தது.

"துணியை நீவி விடுற மாதிரி இருக்கு" என்றாள். இன்னொரு முறை நீவினாள்.

மார்ச் 15, சனி

அக்கா விளையாடுகிறாள். சாப்பிடக் கூப்பிட்டால், "இந்த ஒண்ணு முடிச்சிட்டு வரேன்" என்கிறாள். இந்த வீட்டில் இதுவரை அப்படிச் சொல்லித் திட்டு வாங்கியவன் நான்தான்.

மார்ச் 16, ஞாயிறு

கை வீங்கிவிட்டது. எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். எழுதப் பிடிக்கவில்லை.

மார்ச் 19, புதன்

வீக்கம் வடிந்தது. அளவோடு விளையாட உத்தரவு. உத்தரவு போட்டவர் அத்தான், அதை மீறுகிறவள் அக்கா, காவல் நான். காவலுக்கு லஞ்சமாக ஒரு காப்பி கிடைத்தது. நல்ல காப்பி.

மார்ச் 23, ஞாயிறு

அக்கா பத்துக் கட்டையையும் ஒரே உருட்டில் சாய்த்தாள். அத்தான் இன்னும் சாக்கடையில்தான் இருக்கிறார்.

மத்தியானம் அக்கா மகள் ஆட்டத்தின் செட்டிங்ஸ் பக்கத்தில் என்னவோ அழுத்தினாள். "மாமா, இடவலத்தையும் மேல்கீழையும் மாத்துறதுக்கு இங்கேயே வழி இருக்கு. சரி பண்ணிட்டேன். இனி முன்னால தள்ளினா நேரா போகும்."

என் பன்னிரண்டு நாள் புகழ் இரண்டு அழுத்தலில் போய்விட்டது. அத்தான் முகத்தில் வெளிச்சம். ஓடிப்போய் உருட்டினார், மூன்று கட்டை விழுந்தது, குதித்தார்.

அடுத்து அக்கா. நீவினாள். சாக்கடை. மறுபடி நீவினாள். சாக்கடை.

"எவ அதை மாத்தினது?"

"நான்தாம்மா. சரியா —"

"சரியாத்தான் இருந்துச்சு. பழையபடி வை."

"முன்னால தள்ளுறது ஈசி இல்லையாம்மா?"

"எனக்கு ஈசி வேண்டாம்டி. என் மேசையில துணியை முன்னால தள்ளினா கீழே விழும். இப்பிடித்தான் நீவணும்."

பழையபடி வைத்தார்கள். இதைத்தான் நான் முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 27, வியாழன்

டாக்டரம்மா கோணமானி வைத்து அளந்தார். ஒரு முறை அளந்துவிட்டு நம்பாமல் திரும்ப அளந்தார். "பக்கவாட்டு அசைவுதான் கடைசியா வரும். உங்களுக்கு எப்படி முதல்ல வந்துச்சு? ரப்பர் பந்துல என்ன பண்ணினீங்க?"

உடனே முன்னால் வந்தேன். "மணிக்கட்டோட அமைப்பைப் பார்த்துக் கணக்குப் போட்டுத்தான் மேடம் கால்வட்டம் திருப்பினேன்."

அத்தானுக்கு இருமல் வந்துவிட்டது. தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

ஏப்ரல் 1, செவ்வாய்

நாளைக்கு அக்கா போகிறாள். கத்தரிக்கோலைப் பிடித்துப் பிடித்துப் பார்க்கிறாள். பிடிக்கிறது, ஆனால் கொஞ்சம் நடுங்குகிறது. நான் பார்ப்பதைப் பார்த்ததும் கீழே வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 2, புதன்

துணைக்கு நானும் போனேன். அக்காவின் மேசைக்குப் பக்கத்தில் ஒரு புதுப் பெண் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தயாராக நின்றாள். முதலாளியம்மா நீலத் துணிக் கட்டு ஒன்றை மேசைமேல் வைத்தார். "மெதுவா வெட்டுங்க" என்றார். சொன்ன விதம் மெதுவாக இல்லை.

அக்கா துணியை விரித்தாள். இடமிருந்து வலமாக ஒரே நீவல். ஒரு சுருக்கம் இல்லை. சுண்ணக்கட்டியால் கோடு போட்டாள், சுற்றி அரை அங்குலம் விட்டாள், கத்தரிக்கோலை எடுத்தாள். முதல் வெட்டில் கை நடுங்கியது. இரண்டாவதில் இல்லை. அதன்பிறகு அந்த நீளச் சத்தம்தான், கர்ர்ரென்று, மேசையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை.

புதுப் பெண் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்துச் சுருட்டினாள்.

"கையை யாரு இவ்வளவு சீக்கிரம் சரிபண்ணினது?" என்று முதலாளியம்மா கேட்டார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

அக்கா முந்திக்கொண்டாள். தலையைத் தூக்கவே இல்லை. "என் தம்பிதான். ஒரு மெஷினே செஞ்சு கொடுத்தான். வெளிநாட்டுல இன்ஜினியரா இருந்தான். அங்கே விடமாட்டேன்னாங்க, எனக்காகத்தான் வந்தான்."

கூடமே திரும்பி என்னைப் பார்த்தது. இந்த முறை நாய் இல்லை, எல்லாம் ஆட்கள்.

"அப்பிடியாங்க?" என்றார் முதலாளியம்மா.

நான் ஜன்னலைப் பார்த்தேன். "வெளியில வெயில் ஜாஸ்தி" என்றேன்.