இரண்டாம் மாடியில் உன் அம்மா

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நலமே. முழங்கால் வலி மட்டும் மழைக்கு முன்பே வந்து உட்கார்ந்துகொள்கிறது. போனில் பேசினால் நீ பேச்சை மாற்றிவிடுகிறாய். எனக்கும் சொல்ல நா எழுவதில்லை. அதனால்தான் கடிதம்.

அம்மாவின் குடலிலிருந்து எடுத்த கட்டியில் ஒரு துண்டை ஆராய்ச்சிக்குத் தர அவளே சம்மதித்தது உனக்குத் தெரியும். அவள் போன பிறகும் அந்தச் செல்கள் இன்னும் வளர்கின்றனவாம். பார்க்க வருகிறீர்களா என்று ஆய்வகத்து டாக்டரம்மா கூப்பிட்டார். போவதா வேண்டாமா என்று குழம்பி, சட்டையை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து, கடைசியில் போய்விட்டேன்.

இரண்டாம் மாடி. கதவருகே நின்றபோது உள்ளே ஒரு பெண், "பெரியம்மாவுக்குச் சாப்பாடு போட்டியாடி? நேத்தே பட்டினி" என்றாள். "போட்டாச்சு, போட்டாச்சு. அவங்க பசிக்கு நம்மளால ஈடு குடுக்க முடியல" என்றாள் இன்னொருத்தி. செல்களுக்கு ஊற்றும் சத்து நீரைத்தான் சாப்பாடு என்கிறார்கள். பெரியம்மா என்பது உன் அம்மா. என்னைக் கண்டதும் இருவர் முகமும் செத்துப்போயிற்று. பரவாயில்லைம்மா என்று சொல்லிச் சிரிக்கக்கூட முயன்றேன்.

நுண்ணோக்கியில் காட்டினார்கள். நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. ஒன்று நடுவில் இடுங்கி, இரண்டாகப் பிரியும் நிலையில் இருந்தது. நல்லா இருக்கியா என்று வாய்வரை வந்துவிட்டது. பிறகுதான் உறைத்தது: அங்கே உண்டு பெருகுவது அவள் அல்ல, அவளைத் தின்றது. அன்றிலிருந்து தட்டின் முன் உட்கார்ந்தால் அதுவும் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருக்கும் என்று தோன்றுகிறது. பாதியில் எழுந்துவிடுகிறேன்.

அந்தச் செல்களில் புது மருந்துகளைச் சோதிக்கிறார்கள். மரபணுப் பிரிவினர் அவள் ரத்தத்தையும் ஆராய்ந்து, பிறவியிலேயே ஒரு மரபணுப் பிழை இருந்ததைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். உனக்கும் அது வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இதைத்தான் டாக்டரம்மா உனக்கும் சொல்லி, ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடச் சொன்னார். தெரியாமல் இருப்பதே நிம்மதி என்றாய் நீ.

நான் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவன். உன் துறையைப் பற்றி உன்னிடம் பேச எனக்கு யோக்கியதை உண்டா, தெரியவில்லை. ஆனால் தடுப்பூசிக்காக ஊரார் ரத்தத்தை நாளெல்லாம் ஆராய்கிற நீ, உன் கையை மட்டும் நீட்ட மாட்டேன் என்கிறாய். தவறாகப் புரிந்துகொண்டேனோ என்று டாக்டரம்மாவிடம் திரும்பத் திரும்பக் கேட்டேன். அவர் சலிக்கவில்லை. "சார், பிழை இருந்தா அடிக்கடி குடலைப் பார்ப்போம். புற்றா மாறுறதுக்கு முன்னாடியே எடுத்துடலாம். உங்க வீட்டம்மாவுக்கு அந்த நேரம் கிடைக்கல" என்றார். உனக்குக் கிடைத்திருக்கிறது, கண்ணு.

ரத்தம் கொடு. முடிவை எனக்குச் சொல்ல வேண்டாம், கேட்கவும் மாட்டேன். கேட்கும் தைரியம் எனக்கு ஏது? கொடுத்துவிட்டேன் என்று மட்டும் எழுது.

எனக்குப் பிறகும் நெடுங்காலம் நீ இருக்க வேண்டும். அந்த வரிசை மாறக்கூடாது, கண்ணு.

உன் பதிலுக்காக வாசலைப் பார்த்திருக்கும்
அப்பா