நீலக் கதவு

நவம்பர் 4, செவ்வாய்

அல்ஜீரிய ஓவியர் யூசுப், லண்டன் லூயிஷாமில் உள்ள என் கடையில் நான் கவுண்டருக்குப் பின்னால் நிற்பதை வரைந்துவந்தார். இன்று படத்தைக் காட்டினார். முகம் என்னுடையதுதான். ஆனால் என் முதுகுக்குப் பின்னால், நான் தினமும் பூ வைக்கும் முருகன் படத்தைக் காணவில்லை. அந்த இடத்தில் திறந்த நீலக் கதவு, அப்பால் கடல். கோபம் வந்தது.

“லண்டனை வரைந்தால் கேலரிக்காரர் எடுப்பதில்லை. அல்ஜீரியாக்காரன் அல்ஜீரியாவைத்தான் வரைய வேண்டுமாம்,” என்றார் தலைகுனிந்து. ஊருக்குத் திரும்ப முடியாத மனிதர்; என்னைப் போல வழி இருந்தும் போகாமல் இருப்பவரல்ல. அவரிடம் என்ன சண்டை பிடிப்பது?

வீட்டில் மனைவியிடம், போனில் எடுத்துவந்த ஓவியத்தைக் காட்டினேன்.

“கதவு திறந்துதானே கிடக்கு. நீங்கள் ஏனப்பா திரும்பியும் பாக்காமல் நிக்கிறியள்?”

போனை வாங்கி அலாரம் வைத்தேன். விடிய முன்னம் கடை திறக்க வேண்டும்.