எந்தக் கணக்கிலும் இல்லாத கிருமி

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஆடிக் காற்று. காயப்போட்ட சேலையெல்லாம் கரிசல் தூசி. விடிந்ததிலிருந்தே இருமல்.

நெல்லை ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. எனக்கு டி.பி. இல்லையாம். முன்பும் இருந்திருக்காது என்கிறார் டாக்டர். அதே குடும்பத்து வேறு கிருமி. மண்ணிலும் தண்ணீரிலும் கிடப்பது. மைக்ராஸ்கோப்பில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியுமாம். சளியிலுள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்த்தால்தான் எது என்று பிரியும். இதற்கு முன் யாரும் வளர்த்துப் பார்க்கவில்லை.

அப்படியானால் இரண்டு தடவை முழுசாக விழுங்கிய டி.பி. மாத்திரை? அந்த வாந்தி? பள்ளிக்கூட வேலையை விட்டு நிறுத்தியது? கோயில் கொடைக்கு அண்ணன் வீட்டில் என்னை மட்டும் கூப்பிடாதது?

"நம்ம நாட்டுல என்னய மாதிரி எத்தன பேரு சார் இருப்பாவ?"

"சரியாத் தெரியாதும்மா. டி.பி.ன்னா அரசாங்கத்துக்குச் சொல்லியாகணும். இதுக்கு அப்படி இல்ல. யாரும் எண்ணல."

எண்ணவில்லை! இல்லாத நோயின் கணக்கில் இரண்டு தடவை என் பெயர். இருக்கிற நோய்க்குக் கணக்கே இல்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

கரண்ட் இல்லை. காஸ் சிலிண்டருக்குச் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் சட்டைக்குப் பட்டன் தைக்க வேண்டும்.

பள்ளிக்கூடம் போனேன். ஹெச்.எம். நாற்காலியை ஜன்னல் பக்கம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

"டி.பி. இல்ல மேடம். இது ஒட்டாது."

"அப்ப என்னது டீச்சர் அது? பேரே வாயில நுழைய மாட்டேங்கு. பெத்தவிய கேட்டா என்ன சொல்லுவேன்?"

"ஒட்டாதுன்னு சொல்லுங்க."

"எதுக்கும் சுகமாயிட்டு வாங்களேன்."

டி.பி. என்றபோதும் வேலை இல்லை. டி.பி. இல்லை என்றபோதும் இல்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மறுபடி நெல்லை. புது மாத்திரை. ரயிலில் நின்றுகொண்டே.

ஆஸ்பத்திரி பெஞ்சில் பக்கத்தில் பேச்சியம்மாள். புதியம்புத்தூரில் தையல் வேலை. எலும்பும் தோலும். அவளுக்கும் இரண்டாம் தடவை டி.பி. மருந்து, இருமல் நிற்கவில்லை.

"மாத்திரைய ஒழுங்கா முழுங்கலன்னு ஏசுதாவ டீச்சர். ஒருநா விட்டதில்ல, சத்தியமா."

அதே ஏச்சு நானும் வாங்கியதுதான்.

"சளிய வளத்துப் பாத்தாவளா?"

"அப்படின்னா?"

அவளைக் கூப்பிட்டதும் நானும் எழுந்தேன். நர்ஸ் மறித்தாள். "நீங்க யாரு? சொந்தமா?"

"ஆமா."

உள்ளே வேறு டாக்டர். "சளிய வளத்துப் பாக்குற கல்ச்சர் டெஸ்ட் போட்டீங்களா சார்?" என்றேன்.

"மருந்த ஒழுங்கா சாப்பிட்டாலே போதும்மா."

"சாப்பிட்டிருக்கா சார். நானும் சாப்பிட்டேன்!" குரல் உயர்ந்துவிட்டது. வெளியே வரிசையே எட்டிப் பார்த்தது. பார்க்கட்டும். அவர் அந்த டெஸ்டுக்கு எழுதித் தரும்வரை நகரவில்லை.

வெளியே வந்ததும் பேச்சியம்மாள் என் முழங்கையைப் பிடித்தாள். "எனக்கும் டி.பி. இல்லன்னா, எம் பிள்ளையத் தூக்கலாமா டீச்சர்?"

முடிவு வரப் பல வாரம் ஆகும். அதுவரை அந்தப் பிள்ளை?