தெருக்குத்தில் வைத்த ஊஞ்சல்

நாமக்கல்
12 நவம்பர் 2025, புதன்கிழமை
மாலை 4.50

அன்புள்ள லிடியா அக்காவுக்கு,

இதை எழுத உட்காரும் இந்த நிமிடத்தில் நம் வாடகை வீட்டுக்கு முன்னால் நாற்பதடி ரோட்டில் பதினான்கு பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். ஜன்னல் வழியாக இரண்டு முறை எண்ணினேன். ஹெலன் அதில் இல்லை. உள்ளே கட்டிலில் சும்மா உட்கார்ந்திருக்கிறாள். உன் மகள் சாப்பிடுகிறாள், பள்ளிக்கூடம் போகிறாள், உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. இதை முதலில் சொல்லிவிட்டேன். இனி பதறாமல் படி.

போனில் சொல்லியிருக்கலாம். நீ மஸ்கட்டில் டியூட்டியில் நின்று அழுவாய், நான் இங்கே கத்துவேன், அம்மா போனைப் பிடுங்கிக்கொள்வாள். "அவ அங்க தனியாக் கெடக்கறா, எதையும் சொல்லித் தொலைக்காத" என்பது அம்மாவின் உத்தரவு. அதனால்தான் "பார்க்கில் சின்ன ஆக்சிடென்ட், ஹெலனுக்கு ஒன்றுமில்லை" என்று உனக்குச் சொன்னோம். ஹெலனுக்கு ஒன்றுமில்லை என்பது உண்மை. சின்ன ஆக்சிடென்ட் என்பது பொய்.

கல்லறைத் திருநாள் அன்று அப்பாவின் கல்லறைக்கு மெழுகுவர்த்தி ஏற்ற அம்மா சேலம் போயிருந்தாள். ஹெலனைப் பார்க்குக்குக் கூட்டிப்போனது நான். அங்கே இருபத்து மூன்று பிள்ளைகள், ஒரே ஊஞ்சல். ஆளுக்கு இருபது ஆட்டம். அடுத்து ஏறப்போகிறவர் சத்தமாக எண்ண வேண்டும். இது அவர்களே போட்டுக்கொண்ட சட்டம். ஊஞ்சலில் பிரீத்தி இருந்தாள். ராசிபுரத்திலிருந்து வந்து மூன்றாவது வீட்டில் குடியிருக்கும் சின்னராஜ் அண்ணனின் மகள், ஹெலனோடு இரண்டாம் வகுப்பு. எண்ணிக்கொண்டிருந்தவள் ஹெலன்.

ரோட்டின் மேல் முனையில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்று புதிதாக வந்திருக்கிறது. கேபின்கூட வைக்காத வெறும் சேசிஸ் ஒன்றை, சக்கரம் பூட்டிய லாரி அடிச்சட்டத்தை, ரோட்டோரம் நிறுத்தி, டயருக்குக் கட்டை வைக்காமல் டீ குடிக்கப் போயிருக்கிறார்கள். அது ஆளில்லாமல் உருண்டு வந்தது. ரோடு இருநூற்றுப் பத்து மீட்டர் நீளம், மூன்று மீட்டர் இறக்கம், வளைவு கிடையாது, வேகத்தடை கிடையாது. ரோடு முடிகிற இடத்தில் பார்க். பார்க்கின் நடுவில் ஊஞ்சல். மற்றப் பிள்ளைகள் சிதறி ஓடினார்கள். ஊஞ்சலில் இருப்பவள் எப்படி ஓடுவாள்? நான் ஓரமாக நின்று போனை நோண்டிக்கொண்டிருந்தேன். ஹெலன் "பதினேழு" என்றது காதில் விழுந்தது. பதினெட்டு விழவில்லை.

பிரீத்தி சேலத்தில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். இடுப்பெலும்பு, வலது தொடை. பத்து நாள் ஆயிற்று. நடப்பாளா என்று கேட்டால் டாக்டர் "பார்க்கலாம்" என்கிறார். நீ குழந்தைகள் வார்டில் நர்ஸ். டாக்டர் அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும்.

இனி அம்மாவுக்கும் தெரியாத விஷயம்.

அந்த ரோடும் பார்க்கும் வீட்டுமனைகளும் சேர்ந்த லே-அவுட்டை வரைந்தவன் நான். முத்திரை நான் வேலை பார்க்கும் அலுவலகத்துடையது, கையெழுத்து என்ஜினியருடையது, கோடுகள் என்னுடையவை. பத்தில் ஒரு பங்கு இடத்தைப் பொதுவுக்கு விடவேண்டும் என்பது விதி. முதலில் பார்க்கை நடுவில்தான் போட்டேன். சுற்றிலும் வீடுகள், யார் வீட்டுச் சமையல்கட்டு ஜன்னலில் நின்றாலும் பிள்ளைகள் தெரிவார்கள். இடத்துக்காரர் மணிமாறன் வந்து கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார். ரோடு நேராக வந்து முட்டுகிற கடைசி சைட்டுகள் மேல் விரலை வைத்தார். "தம்பி, இது தெருக்குத்துங்க. இங்க ஊடு கட்டுனா குடும்பம் வெளங்காதும்பாங்க, எவன் வாங்குவான்? பார்க்கத் தூக்கி இங்க போட்டுருங்க. கொழந்தைகளுக்கு ஏது சாமி தெருக்குத்து?" என்றார். அலுவலகமே சிரித்தது. நானும் சிரித்தேன். பார்க்கை இழுத்து அங்கே வைக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

எனக்கு வாஸ்து, தெருக்குத்து எதிலும் நம்பிக்கை இல்லை. நம்பிக்கை இல்லாததாலேயே யோசிக்கவும் இல்லை. இறக்கத்தின் அளவு என் வரைபடத்திலேயே எழுதியிருந்தது, என் கையால். மற்றவர்கள் வீடு கட்டப் பயப்படுகிற இடத்தில் பிள்ளைகளை விட்டேன். ஊஞ்சலையாவது ஓரமாக வைத்தேனா? ரோட்டின் மையக்கோட்டுக்கு நேராக வைத்தேன். தூரத்திலிருந்து பார்க்க எடுப்பாக இருக்குமாம்.

இன்னும் இருக்கிறது. பார்க்கை எடுத்ததும் நடுவில் காலியான இடத்தில்தான் 27, 28 என்று இரண்டு சைட் விழுந்தன. "அதை எங்க அக்காவுக்கு எடுத்து வைங்க, லாரி வராத இடம்" என்று அன்றைக்கே மணிமாறனிடம் சொன்னேன். லாரி வராத இடம் எது என்று எனக்கு அப்போதே தெரிந்திருக்கிறது, அக்கா.

போன ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் சங்கம் கூடியது. பார்க்குக்குப் பூட்டுப் போட்டார்கள். அதனால்தான் பிள்ளைகள் இப்போது அதே இறக்கத்தில், ரோட்டிலேயே நிற்கிறார்கள். செயலாளர் கோகுல்ராஜ், "தெருக்குத்துன்னு தெரிஞ்சும் ஒரு பிள்ளையார வெக்காம உட்டதுதானுங்க தப்பு" என்றார். எதிர்வீட்டுக் கந்தம்மாள் சும்மா இருப்பாரா? "ஏனுங்க, பிள்ளையார் வந்து டயருக்குக் கட்டை போடுவாருங்களா?" என்றார். இரண்டு பேர் சிரித்து, சின்னராஜ் அண்ணன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். அவர் தலையைத் தூக்காமல் கேட்டார்: "இத வரைஞ்ச புண்ணியவான் யாருங்க?" நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் அவர் மனைவி கமலவேணி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "எம்புள்ளயத் தூக்கிட்டு ஓடுனீங்களே தம்பி, இந்தக் கை நல்லா இருக்கோணும்" என்றார். "ஊஞ்சலக் கழட்டி வீசிறாதீங்க, அவ வந்தா கேப்பா" என்றார். எந்தக் கையைப் பிடித்திருக்கிறார் என்று அவருக்குத் தெரியாது.

இப்போது கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். 27, 28-இல் வீடு கட்டாதே. பிள்ளைகளுக்கு விடு. லே-அவுட்டில் காலியாக இருப்பது அந்த இரண்டு மட்டும்தான். ஜனவரியில் ஃபாதர் வந்து அடிக்கல் மந்திரிக்கத் தேதி வாங்கியாயிற்று என்று தெரியும். ஒன்பது வருடம் நீ அங்கே கிடப்பது இந்த வீட்டுக்காகத்தான் என்று தெரியும். ஹெலன் அறைக்கு இரண்டு ஜன்னல் கேட்டாய். அந்தப் பிளானை வரைந்தவனும் நான்தான். சேலத்தில் அப்பா கட்டிய வீட்டில் என் பங்கை உன் பேருக்கு எழுதித் தருகிறேன். அது இதற்கு ஈடாகாது. வேறு எதுவும் என்னிடம் இல்லை. முடியாது என்றால் முடியாது என்றே எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

ஹெலன் இப்போது பதினேழுக்கு மேல் எண்ணுவதில்லை. டீச்சர் கேட்டாலும் அங்கேயே நிறுத்திவிடுகிறாள்.

உன் வார்டில் நீ தூக்கிவிடுகிற ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து நடக்கட்டும். அந்தப் புண்ணியத்தில் கொஞ்சம் இங்கேயும் வரட்டும்.

உன் தம்பி
ஜூட்

இனி நான் செய்யப்போவது:

1. நாளைக் காலை பத்து மணிக்கு, பார்க் நடுவில் இருந்த முதல் வரைபடத்தையும் மாற்றிய வரைபடத்தையும் எடுத்துக்கொண்டுபோய், மாற்றியது நான் என்று எங்கள் அலுவலக அதிகாரியிடம் எழுதிக் கொடுப்பேன். வேலை போகும்.

2. ஞாயிறு கூட்டத்தில் சின்னராஜ் அண்ணன் முன்னால் எழுந்து நின்று அதையே வாயால் சொல்வேன். அடித்தால் வாங்கிக்கொள்வேன். பிள்ளையார் வைப்பதைத் தடுக்க மாட்டேன்; அவருக்கு முன்னால் ஐந்து கான்கிரீட் தூண் நடச் சொல்வேன்.

3. அதுவரை தினமும் நான்கு முதல் ஆறு வரை ரோட்டின் மேல் முனையில் நிற்பேன். நிற்கிற ஒவ்வொரு வண்டிக்கும் நானே கட்டை வைப்பேன். இந்தக் கடிதத்தை மூடியதும் அங்கேதான் போகிறேன்.

4. ஊஞ்சல் பலகை நசுங்கிவிட்டது. சங்கிலி நன்றாக இருக்கிறது. கழற்றி எண்ணெய் போட்டு என் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். உன் பதில் வரும்வரை எங்கும் மாட்ட மாட்டேன்.

5. சனிக்கிழமை ஹெலனைப் பிரீத்தியிடம் கூட்டிப்போவேன். பத்து நாளாகப் பிரீத்தி பேச்சையே எடுக்காதவள் நேற்று அவளாகவே கேட்டாள்: "மாமா, பிரீத்திக்கு இன்னும் மூணு ஆட்டம் பாக்கி இருக்கு. எங்க வெச்சு ஆடுவா?" அக்காவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.