கால் மணி நேரத்துக்கு மேல் கேட்க முடியாத உன் செட்

உப்புத்தாள் வைத்துத் தேய்த்ததில் விரலெல்லாம் செம்பு வாடை. கடற்காற்றில் பச்சை பிடித்துக் கிடந்த ஸ்பீக்கர் ஒயர் முனைகளைப் பளபளவென்று ஆக்கிவிட்டேன். மாட்டிப் பாட்டுப் போட்டால் அதே கீச்சு. கால் மணி நேரத்தில் தலைவலி. போய்ச் சேர்ந்த பிறகும் என்னோடு மல்லுக்கு நிற்கிறாயே, நன்றாயிருக்கிறதா?

உன் பாட்டு செட்டு சிநேகிதன் எனக்குத்தான் வரவேண்டும் என்று உன் வீட்டு மதினி ஆட்டோவில் ஏற்றி அனுப்பினாள். மூன்று வாரமாக நான் பார்க்காத வைத்தியம் இல்லை. பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறதா என்று பார்த்தேன். ஸ்பீக்கர்களைக் காதுக்கு நேராக வைக்காமல் சற்றுத் திருப்பி வைத்தேன். சத்தம் எதிரொலிக்காமல் இருக்க டைல்ஸ் தரையில் ஜமுக்காளம் விரித்து, ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டேன். "இது வீடா, சலவைக்கடையா?" என்று கேட்டாள் என் மனைவி. கடைசியில் ஆம்ப்ளிபயரையும் மாற்றியாயிற்று. புல்லாங்குழல் வந்தால் இன்னும் பல் கூசுகிறது.

எத்தனை ஞாயிற்றுக்கிழமை இதற்காகச் சண்டை போட்டிருப்போம்! சர்ச்சில் பூசை முடிந்து நாலைந்து பேர் உன் வீட்டில் கூடுவோம். "கூசுதுலே, கொஞ்சம் கொறை" என்பேன். "எல்லாருக்கும் நல்லாத்தான் கேக்கு. ஒன் காதுதான் சொகுசு காது" என்பாய். மற்றவர்கள் டீயைக் குடித்துக்கொண்டு வாயைத் திறக்க மாட்டார்கள், கோழைகள்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல், "ஏலே, ஒனக்குக் காது செவிடா?" என்று கேட்டுவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். நீ பாட்டைப் பாதியில் நிறுத்தினாய். "டீ ஆறுது, குடிங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவன் வெளியே வரவில்லை. அதற்குப் பிறகு என்னை நீ கூப்பிடவும் இல்லை. ஒரு செட்டைக் குறை சொன்னதற்கு இவ்வளவு ரோஷமா என்று நானும் வீம்புக்கு வராமல் இருந்தேன். நாலு மாதத்தில் உன் நெஞ்சு நின்றுவிட்டது.

இன்று காலை ஸ்பீக்கர் பெட்டியையே திறந்துவிட்டேன். உள்ளே கீச்சுச் சத்தத்தை மட்டுப்படுத்த இருக்க வேண்டிய ரெசிஸ்டர் இல்லை. அதை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வெறும் ஒயரைப் பற்றவைத்திருந்தாய். உன் கைவேலை எனக்குத் தெரியாதா? இன்னொரு பெட்டியிலும் அப்படியே. வந்த கோபத்தில் மதினிக்குப் போன் போட்டேன்.

"அவியளுக்குக் கீச்சுன்னு வார சத்தம் எதுவும் கேக்காது அண்ணே. அடுப்படியில குக்கர் விசில் அடிச்சாலும் தெரியாது. டாக்டரு காதுல மிசின் மாட்டச் சொன்னாவ, மாட்டவே இல்ல. ஒங்ககிட்ட மட்டும் சொல்லக்கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டாவ."

அந்தச் சத்தம் காதில் விழத்தான் ரெசிஸ்டரை வெட்டியிருக்கிறாய். முப்பது வருடம் ஹார்பரில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டி, அந்த இரைச்சலில் கெட்ட காது. எனக்கு அது தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. ஆனால் நீ ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாமே! காதைப் பொத்திக்கொண்டாவது உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேனே. என்னிடம் மட்டும் ஏன் மறைத்தாய்? உன் மேல் ஆத்திரமாக வருகிறது. என் மேல் அதைவிட அதிகமாக வருகிறது.

ரெசிஸ்டர் வாங்கி வந்துவிட்டேன். பற்றவைத்தால் செட் சரியாகிவிடும். அந்த ஞாயிற்றுக்கிழமையை மட்டும் நான் சுமந்துகொண்டுதான் திரிய வேண்டும். குக்கர் விசில் கேட்காத உனக்கு, எல்லார் முன்னாலும் நான் சொன்ன அந்த ஒரு வார்த்தை நன்றாகவே கேட்டிருக்கிறது.